சகோதரியின் பங்கு: தென்மாவட்டச் சபைக் குடும்பங்களின் பெரியோருக்கு ஒரு திறந்த மடல்

பாளையங்கோட்டை முதல் நாகர்கோவில் வரையிலும், முதலூர், நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், இடையன்குடி, டோனாவூர் என்று தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவப் பெயர் தரித்து வாழும் ஊர்களிலும், அவ்வூர்களை விட்டுச் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் குடிபெயர்ந்த பின்னரும் பண்டிகைக்குத் தவறாமல் திரும்பிவருகிற வீடுகளிலும் குடும்பப் பொறுப்பைக் கையில் வைத்திருக்கும் பெரியோர்களே, அண்ணன்மார்களே, தாய்மார்களே, இந்த மடல் உங்களுக்கே.

உங்கள் பக்தியைக் குறித்து எனக்குச் சந்தேகம் எதுவும் கிடையாது. விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துக் குடும்ப ஜெபம் செய்கிறவர்கள் நீங்கள். விளைச்சலின் முதற்பலனை ஸ்தோத்திரப் பண்டிகைக்கென்று பிரித்து வைக்கிறவர்கள் நீங்கள். உலைக்கு அரிசி களையும் வேளையில் ஊழியத்துக்காக ஒரு பிடியை வேறு பானையில் போட்டுவைத்த தாய்மாரின் பிள்ளைகள் நீங்கள். ஆயினும், கோயிலுக்குள் இத்தனை தாராளமாக விரிகிற கை, சொந்த வீட்டில் உடன்பிறந்தவளுக்கு உரியதைக் கொடுக்கவேண்டிய தருணத்தில் மாத்திரம் ஏன் மூடிக்கொள்கிறது என்ற கேள்வி பல வருஷங்களாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. ஜாடையாகப் பேசிப் பயனில்லை என்று கண்டபின் நேராக உங்களுக்கே எழுதத் துணிந்தேன்.

ஆவியின் கனிகளைப் பற்றி நாம் எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். தயவு, சாந்தம், நீடிய பொறுமை என்று அப்போஸ்தலன் கலாத்தியருக்கு அடுக்கிச் சொன்ன குணங்களில் பெரும்பாலானவற்றை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியே இருந்து பயிலமுடியாது. தயவு காட்டுவதற்கு எதிரே ஒருவர் வேண்டும், பொறுப்பதற்கு நம்மைச் சோதிக்கிற ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் தூரதேசத்து அஞ்ஞானியாக இருக்கும்வரையில் நமக்குச் சிரமமில்லை. அவர் நம் வீட்டிலேயே பிறந்து, நம்மோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்து, இப்போது நமக்கும் அவருக்கும் நடுவே ஒரு விளையும், நாலு மனையும், தகப்பனார் கட்டிய வீடும் நிற்கும்போதுதான் நம் கிறிஸ்தவ சுபாவம் எப்பேர்ப்பட்டது என்பது வெளியாகிறது.

சில வருஷங்களுக்கு முன் வேறொரு காரியமாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்திருக்க நேர்ந்தது. பக்கத்திலே ஒரு குடும்பம். வெளியூரிலிருந்து காரில் அழைத்துவரப்பட்டிருந்த தங்கை, ஐம்பது வயது மதிக்கலாம், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன்மார் இருவரும் பத்திர எழுத்தரிடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்கள். அவளுக்குக் காபி வந்தது, வடை வந்தது, “ஃபேனுக்கு நேரா உக்காரும்மா” என்ற உபசாரமும் வந்தது. பத்திரம் அச்சாகி வந்தபோது அவள் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் தாளைப் பிடித்தாள். “என்னத்தம்மா வாசிக்கப் போற? அண்ணன் இருக்கேன்லா” என்று மூத்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்துவிட்டாள். யாருடைய தூண்டுதலுமின்றிப் பூரண சம்மதத்துடன் தன் பாகத்தை விடுதலை செய்துகொடுப்பதாகச் சொல்லும் அந்தப் பத்திரத்தின் ஒவ்வொரு தாளிலும் அவள் கையெழுத்து விழுந்தது. காரில் ஏறுமுன் மூத்தவர் தலைகுனிந்து, காரியத்தைத் தடையில்லாமல் நடத்திக் கொடுத்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லி ஜெபித்தார். அவளும் ஆமென் என்றாள்.

அந்த அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் வேண்டுமென்றே வஞ்சித்தார் என்றுகூட எண்ணவில்லை. அவருடைய தகப்பனாரும் அப்படியே செய்திருப்பார், பக்கத்து வீட்டாரும் அப்படியே செய்திருப்பார்கள், தங்கையிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவது தாலுகா ஆபீஸில் பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுப்பதைப்போல ஒரு சடங்காகிவிட்டது. என் வருத்தமெல்லாம் அந்த ஜெபத்தைப் பற்றியது. நியாயமில்லாத ஒரு காரியத்தை மனச்சாட்சியின் ஓர் அசைவுகூட இல்லாமல் செய்து முடித்து, அதையே தேவ கிருபை என்று எண்ணி நன்றி சொல்லக்கூடிய நிலைக்கு நாம் வந்திருக்கிறோம் என்றால், அது தனியொருவருடைய குற்றமாக இருக்கமுடியாது. சபை முழுவதும் சேர்ந்து வளர்த்த மரத்துப்போன பழக்கம் அது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை உங்களில் அநேகர் அறிந்தே இருக்கிறீர்கள். உயில் எழுதாமல் இறந்துபோன கிறிஸ்தவனுடைய சொத்தில் அவன் மனைவிக்கு மூன்றிலொரு பாகம் போக, மிச்சமுள்ளது ஆண் பெண் என்ற பேதமின்றிப் பிள்ளைகள் எல்லாருக்கும் சமபாகம் என்று 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் விதிக்கிறது; மகனென்றும் மகளென்றும் பிரித்துப் பாராத இந்த விதி, அதற்கு முன்னிருந்த 1865ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. நம்மைச் சுற்றியுள்ள இந்துக் குடும்பங்களின் பெண்மக்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண்மக்களோடு சமபங்கு தமிழ்நாட்டில் 1989இலும், தேசம் முழுவதற்கும் 2005இலும்தான் கிடைத்தது. நூறு வருஷத்துக்கு மேல் முந்தியே நம் பெண்களுக்குக் கிடைத்த ஒரு நியாயத்தை நாம் கையெழுத்து வாங்கிக் கையெழுத்து வாங்கி இல்லாததாக்கிவிட்டோம். தகப்பனார் உயிரோடு இருக்கும்போதே, கல்யாணத்துக்கு முந்தின வாரத்தில், “எனக்குச் சேரவேண்டியது சேர்ந்துவிட்டது” என்று எழுதி வாங்குகிற வீடுகளும் உண்டு. இனிமேல் வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பை ஒருவர் மற்றொருவருக்கு மாற்றிக்கொடுக்க முடியாதென்று 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் சொல்வதை அந்தப் பிள்ளைக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

நாகர்கோவில் பக்கத்துச் சகோதரர்களுக்கு இது வேறொரு சரித்திரம். உங்கள் பகுதி 1956 வரையில் திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது. 1916இல் அங்கே வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், மகளுக்கு மகனுடைய பங்கில் நாலிலொன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது போதும் என்றும், ஸ்திரீதனம் வாங்கியவளுக்கு அதுவும் இல்லையென்றும் சொல்லிற்று. மேரி ராய் என்ற பெண்மணி தன் பங்குக்காக உச்சநீதிமன்றம் வரையில் போய், 1986இல் அந்தச் சட்டம் செல்லாதென்று தீர்ப்பு வாங்கினார். தீர்ப்பு வந்தபோது கேரளத்தின் சில திருச்சபைகளிலிருந்தே எதிர்ப்புக் குரல் எழுந்தது என்பதை வெட்கத்தோடு நினைவுகூர வேண்டியிருக்கிறது. ஒரு கிறிஸ்தவப் பெண் தன் தகப்பனாரின் சொத்தில் தனக்குரியதைப் பெறுவதற்கு, சபை மூப்பர்களிடம் போகாமல் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்ததே!

நீங்கள் வேதத்தை அறிந்தவர்கள். வனாந்தரத்தில் மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபையனைத்துக்கும் முன்பாக வந்து நின்று, குமாரன் இல்லாமல் இறந்துபோன எங்கள் தகப்பனுடைய பேர் ஏன் அற்றுப்போகவேண்டும், எங்களுக்கும் காணியாட்சி கொடுங்கள் என்று கேட்ட செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளை உங்களுக்குத் தெரியும். மோசே அதைக் கர்த்தருடைய சந்நிதியில் கொண்டுபோனபோது அவர்கள் கேட்பது நியாயம் என்ற உத்தரவே வந்தது. யோபின் புஸ்தகத்தை நாம் துக்கவீட்டில் வாசிக்கிறோம். அதன் கடைசி அதிகாரத்தில், எல்லாம் இழந்து எல்லாம் திரும்பப் பெற்ற அந்த மனுஷன் தன் குமாரத்திகளுக்கு அவர்கள் சகோதரரின் நடுவிலே சுதந்தரம் கொடுத்தான் என்று எழுதியிருப்பதைச் சட்டென்று கடந்துவிடுகிறோம். அவனுக்கு ஏழு குமாரர் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆண்பிள்ளை இல்லாத குறைக்காக அவன் பெண்களுக்குக் கொடுக்கவில்லை. பாடுகளின் சூளையிலிருந்து வெளியே வந்த ஒருவன் செய்ததாக வேதம் சொல்லும் கடைசிக் காரியங்களில் அதுவும் ஒன்று.

நம் சொந்தச் சரித்திரத்துக்கு வாருங்கள். திருநெல்வேலிச் சபைக்கு முதல் கோயிலைக் கட்டினவர் யார்? தஞ்சாவூரிலிருந்து வந்து, 1778இல் மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா அம்மையார். விதவை, உற்றாரால் தள்ளப்பட்டவர். 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட அந்தச் சிறு கோயில், அவருடைய கைப்பொருளும் பிறர் உதவியுமாக எழும்பியது. பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று ஜனங்கள் இன்றைக்கும் அதைச் சொல்கிறார்கள். ஒரு பெண் தன் பொருளைத் தன் இஷ்டப்படி செலவிடும் சுதந்திரத்தோடு இருந்தபடியினால் உண்டான சபை இது. பின்னாளில், விசுவாசத்தினிமித்தம் வீடு வாசல் இழந்து துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதற்கென்றே மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1830இல் தரும சங்கத்தை ஏற்படுத்தினார். நம்மில் பலருடைய பாட்டன்மாருக்கு முதன்முதலாகக் காலூன்ற இடம் கிடைத்தது அப்படித்தான். துரத்தப்பட்டவனுக்குக் காணி வாங்கிக் கொடுத்து வளர்ந்த சமுதாயம், கூடப்பிறந்தவளுக்குக் காணி இல்லையென்று சொல்வதற்கு எந்த நியாயத்தைக் காட்டும்?

நீங்கள் காட்டும் நியாயங்களை நான் கேட்டிருக்கிறேன். அவளுக்குத்தான் கல்யாணத்தில் நகையும் ரொக்கமும் கொடுத்துவிட்டோமே என்பது முதலாவது. கொடுத்தது உண்மை. யாருக்குக் கொடுத்தீர்கள்? ரொக்கம் சம்பந்தி கையில் போயிற்று. அது மாப்பிள்ளையின் தங்கையுடைய கல்யாணத்துக்கோ, அவர்கள் வீட்டு மாடிக்கோ போய்ச் சேர்ந்தது. பவுன் நகை முதல் நெருக்கடியிலேயே அடகுக்கடைக்குப் போயிற்று. உங்கள் மகளின் பேரில் என்ன இருக்கிறது? கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே குற்றமென்று 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டம் சொல்கிற ஒன்றையே, அவளுடைய நியாயமான பங்குக்கு ஈடாகக் கணக்குக் காட்டுகிறீர்கள்.

இதை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிச்சயத்துக்கு முந்தின பேச்சுவார்த்தை நம் வீடுகளில் ஜெபத்தோடுதான் ஆரம்பிக்கிறது. “நாங்க ஒண்ணும் கேக்கல, ஒங்க பிள்ளைக்கு நீங்க செய்யுததச் செய்யுங்க” என்று மாப்பிள்ளையின் தகப்பனார் பெருந்தன்மையோடு சொல்கிறார். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, மூத்த மருமகளுக்கு அவள் வீட்டார் எத்தனை பவுன் போட்டார்கள் என்பதை மாப்பிள்ளையின் அத்தை எதார்த்தமாகச் சொல்வதுபோலச் சொல்கிறாள். அதற்குமேல் யாரும் எதையும் கேட்கவேண்டிய அவசியமில்லை. மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று சேகரகுரு கேட்கும்போது, பெண்ணின் தகப்பனார் எந்த விளையை விற்று எந்த வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார் என்று அறிந்தவர்கள் பத்துப் பேராவது அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். மகனைப் பெற்ற தாய்மார்களே, உங்களுக்கும் ஒருநாள் இப்படித்தான் விலை பேசப்பட்டது. அப்போது உங்கள் தகப்பனார் முகம் எப்படி வாடிற்று என்று உங்களுக்கு மறந்திருக்காது.

இரண்டாவது நியாயம், தங்கச்சியே மனமுவந்து எழுதிக்கொடுத்தாள் என்பது. அவள் மறுத்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு கிடையாது. மகள் கல்யாணத்தில் தாய்மாமன் முறை செய்ய ஆள் வராது. பண்டிகைக்கு வந்தால் ஏறெடுத்துப் பார்க்க ஒரு முகம் இராது. அண்ணன் வேண்டுமா, பங்கு வேண்டுமா என்று கேட்கப்பட்ட பெண் அண்ணனைத் தெரிந்துகொண்டாள் என்றால், அவளுடைய அன்பு பெரியது; அந்த அன்பை விலையாக வாங்கிக்கொண்டவர்கள் அதைச் சம்மதம் என்று சொல்வது தகாது. மூன்றாவது, தாய்தகப்பனைக் கடைசிவரையில் வைத்துப் பார்த்தது நாங்கள்தானே என்பது. இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கமாட்டேன். படுக்கையில் கிடந்த தகப்பனாரை இரவும் பகலும் புரட்டிப் போட்டவனுக்கு அதிகம் சேரவேண்டும் என்றால், அதைத் தகப்பனார் தெளிந்த புத்தியோடு இருக்கும்போதே எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிவைத்துச் சொல்லட்டும், உயிலாக எழுதட்டும். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் கஞ்சி ஊற்றி மருந்து கொடுத்தவள் பல வீடுகளில் மருமகள் என்பதையும், அவளும் தன் தாய்வீட்டில் பங்கை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவள்தான் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பாருங்கள்.

இன்னொருவர் லூக்காவிலிருந்து எடுத்துக் காட்டுவார்: சுதந்தரத்தைப் பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று ஒருவன் கேட்டபோது, இயேசு பங்கிடுகிறவராக இருக்க மறுத்தாரே என்று. மறுத்தார்; மறுத்துவிட்டு உடனே பொருளாசையைக் குறித்து எச்சரித்தார். அந்த எச்சரிப்பு, கேட்கிறவனை மாத்திரம் அன்றி, கொடாமல் வைத்திருக்கிறவனையும் தைக்கும்.

பெண்மக்களை விலக்கிவிட்டு ஆண்மக்கள் தங்களுக்குள்ளாவது சமாதானமாக இருக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. பொதுச்சுவருக்கும், கிணற்றுப் பாதைக்கும், ஒரு முழ வரப்புக்கும் அண்ணன் தம்பி முன்சீப் கோர்ட்டில் ஆரம்பித்து மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரையில் போகிறார்கள். வழக்கைத் தொடுத்தவர்கள் இறந்து, பிள்ளைகள் நடத்துகிறார்கள். அதே இருவர் திருவிருந்து ஞாயிற்றுக்கிழமையில் பீடத்தின் முன், ஒருவர் இந்த ஓரமும் மற்றவர் அந்த ஓரமுமாக முழங்காலிட்டு, ஒரே பாத்திரத்திலிருந்து வாங்கிக் குடித்துவிட்டு, வேறு வேறு வாசல் வழியாக வெளியேறுகிறார்கள். காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டு முன்பு போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் மலைப்பிரசங்கத்திலே சொன்னதை நாம் ஒரு நாளாவது அப்படியே கைக்கொண்டிருந்தால், கோயிலில் பாதிப்பேர் ஆராதனையின் நடுவிலே எழுந்து வெளியே போயிருக்கவேண்டும். சபைத் தேர்தல் வந்தால் இந்தப் பகை பத்து மடங்காகிறது. அதை நீங்களே அறிவீர்கள்.

வீட்டுக்குள் இருக்கும் குறை வீதிக்கும் வரும். 1780இல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவில் இருந்த நாற்பது பேர் பல சாதியார். சபைக்குள் சாதிவேற்றுமை அறவே ஒழியவேண்டும் என்று பிஷப் டேனியல் வில்சன் 1833இல் சுற்றுக்கடிதம் விடுத்தார். இன்றைக்கு மணமகள் தேவை விளம்பரத்தில் கிறிஸ்தவன் என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப்பெயர் நிற்கிறது. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1910இல் எடின்பரோ மாநாட்டில் எழுந்து, உழைப்பும் தியாகமும் தந்தீர்கள், நட்பைத் தாருங்கள் என்று மிஷனெரிமாரைக் கேட்டதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அதே கேள்வியை நம் ஊரின் கீழத்தெருக் கிறிஸ்தவன் நம்மைப் பார்த்துக் கேட்டால் என்ன சொல்லப்போகிறோம்? கோயில் அசன விருந்தில் அவனோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். நம் வீட்டு விசேஷத்துக்கு அவனை அழைக்கிறோமா? இதைப் பற்றித் தனியே ஒரு மடல் எழுதவேண்டும். இப்போதைக்கு ஒன்று சொல்வேன்: ஒரே தாய் வயிற்றில் பிறந்தவளுடைய பங்கைக் கொடுக்கப் பழகாதவர்கள், பிறத்தியானுக்கு உரிய மதிப்பைக் கொடுக்கப் பழகிவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது மிகவும் ஸ்தூலமானது. இனிமேல் எந்தச் சகோதரியிடத்திலும் எந்த மகளிடத்திலும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்காதீர்கள். வாங்கவேண்டிய அவசியம் உண்மையாகவே இருந்தால், பூர்வீக வீட்டைப் பிரிக்க முடியாதென்றால், அதன் விலையை மதிப்பிட்டு அவள் பங்குக்குரிய பணத்தை அவள் பேரில் வங்கியில் போட்டுவிட்டு, பத்திரத்தை அவள் கையில் கொடுத்து, அவள் வாசிக்கும்வரையில் காத்திருங்கள். சேகரகுருமார்களே, உபதேசிமார்களே, ஓலை எழுத வருகிறவர்களிடம் பேரும் வயதும் கேட்பதோடு நிறுத்தாமல், கொடுக்கல் வாங்கல் என்ன என்பதையும் இரு வீட்டாரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேளுங்கள். கேட்பதற்கு அதிகாரம் இல்லையென்று சொல்லாதீர்கள், ஆத்துமாக்களுக்கு உத்தரவாதிகள் நீங்கள். வழக்கில் இருக்கிற அண்ணன் தம்பிகளே, வருகிற தவக்காலத்துக்குள் இரண்டு மூப்பர்களை நடுவே வைத்து ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள்.

முன்னமே எழுதி வாங்கிவிட்டவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. அண்ணன் தங்கைக்கு மனமுவந்து செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். குடும்பத்துக்குள் எழுதுகிறபடியினால் முத்திரைத் தீர்வையும் கிரயப் பத்திரத்துக்கு ஆவதைவிடக் குறைவு. இந்த வருஷம் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அவளை அழைக்கப் போவீர்கள் அல்லவா? போகும்போது சேலையும் பழத்தட்டும் எடுத்துப் போவதோடு, அவள் பங்குக்கான பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். வேண்டாம் அண்ணாச்சி என்று மறுப்பாள். ஒன்றுக்கு இரண்டு தரம் மறுப்பாள். நீங்கள் கொடுத்துவிட்டே திரும்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சபையாரில் ஒருவன்